கொளுவியும் கைவிரலும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, கல்லூரி நாட்களின் நினைவுகளையே நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். விளையாட்டுப் போட்டிகளையும், விடுதிச் சாப்பாட்டையும், ஆசிரியப் பெருமக்களின் சிறப்பையும் என்னிலும் நன்றாக எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர். நான் எடுத்துக்கொண்ட பொருள் இரும்பாலானது. எண்ணெய்க் கறை படிந்தது. புகையிரதப் பெட்டிகளை ஒன்றோடொன்று பூட்டும் கொளுவியே அது. இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "மலர் என்று பெயர் வைத்துவிட்டு அதற்குள் இரும்பையா வைப்பது?" என நகைத்தார். அந்த இரும்புக்குள் அகப்பட்டு அழிந்த கைகள் எத்தனையாயிரம் என்பதை அறிந்தால் அவரும் நகையார்.

என் தந்தையார் புகையிரத நிலைய அதிபராகக் கடமையாற்றியவர். அக்காலத்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வுத்தியோகம் பழக்கமானதொன்று. இடமாற்றம் அவருக்கு இயல்பு. ஆகவே விடுதி வாழ்வு எனக்கு இயல்பாயிற்று. தவணை விடுமுறை வந்ததும் அவர் எந்த ஊரில் இருக்கின்றாரோ அந்த ஊருக்கு ஓடுவேன். அங்கே எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு, மேடையின் ஓரத்தில் நின்று சன்ரிங் வேலையைப் பார்ப்பதே.

பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் இருபுறமும் இரண்டு மோதுதாங்கிகள் இருக்கும். நடுவே ஒரு பெருங் கொக்கி. அதனோடு தொங்குவது திருகுக் கொளுவி. எஞ்சின் மெல்ல வந்து பெட்டியை முட்டியதும், தொழிலாளி ஒருவர் குனிந்து மோதுதாங்கிகளுக்குக் கீழாக உள்ளே நுழைவார். கனமான கொளுவியைத் தூக்கி எதிர்ப்பெட்டியின் கொக்கியில் மாட்டித் திருகி இறுக்குவார்; பிறேக்குக் குழாயைப் பொருத்துவார்; மீண்டும் குனிந்து வெளியே வருவார். அவ்வளவு நேரமும் என் தந்தையார் அசையாது நிற்பார். அத்தொழிலாளி வெளியே வந்து நிமிர்ந்து, இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டிய பின்னரே எஞ்சினுக்குச் சைகை கொடுப்பிப்பார். ஒரு கையை மட்டும் காட்டினால் அவருக்குப் போதாது. அதன் காரணத்தை ஒருநாள் கேட்டேன். "தம்பி, உள்ளுக்கு நிக்கிறவனுக்கு வெளியிலை நிக்கிறவன்தான் கண்" என்றார். அதற்கு மேல் விளக்கம் தரும் வழக்கம் அவரிடம் இல்லை.

பிற்காலத்தில் நான் பௌதிகவியல் ஆசிரியனாகிப் பல்லாண்டு கற்பித்தேன். உந்தம் என்னும் பாடத்துக்கு உதாரணம் கூறும் போதெல்லாம், பந்தையும் துப்பாக்கிக் குண்டையும் விடுத்துப் புகையிரதப் பெட்டியையே எடுத்துக்கொள்வேன். பல தொன் நிறையுள்ள பெட்டியொன்று மனிதன் நடக்கும் வேகத்தில் உருண்டு வந்தாலும், அதனைக் கையால் நிறுத்துதல் இயலாது. மெல்ல வருகின்றது என்பதனால் அது மென்மையானதன்று. இந்த உதாரணத்தின் வழியே கொளுவிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அஃது இரும்பின் வரலாறாக இராது மனிதரின் வரலாறாக விரிந்தது. அவ்வரலாறு மிகக் கொடிதாக நிகழ்ந்த நாடு ஐக்கிய அமெரிக்கா.

அமெரிக்கப் புகையிரதங்களில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழங்கியது வளையமும் முளையும் கொண்ட கொளுவி. அதன் அமைப்பு மிக எளிது. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் இழுவைத் தண்டு ஒன்று நீண்டிருக்கும். அதன் நுனியிலே பெட்டி போன்றதொரு வாய். அவ்வாயின் மேலும் கீழும் ஒவ்வொரு துளை. நீள்வட்டமான இரும்பு வளையத்தின் ஒரு பாதியை ஒரு வாயினுள் வைத்து, மேல் துளை வழியே முளையைச் செருகினால் வளையம் அங்கே நிற்கும். மறு பாதி எதிரேயுள்ள பெட்டியின் வாயினுட் புகுந்ததும் அங்கும் ஒரு முளையைச் செருகினால் இரண்டு பெட்டிகளும் பூட்டப்பட்டன. கொல்லன் பட்டறையிற் செய்யக்கூடிய இக்கருவி மலிவானது. பழுதானால் மாற்றுவதும் எளிது. இவ்வெளிமையே அதனை நெடுங்காலம் வாழவைத்தது.

ஆனால் வளையம் தானாக எதிர்வாயினுள் நுழையாது. அதன் நுனி கனத்தினால் தாழ்ந்து தொங்கும். ஆகவே பிறேக்காளர் எனப்படும் தொழிலாளி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நின்று, ஒரு பெட்டி தம்மை நோக்கி உருண்டு வரும்போதே ஒரு கையால் வளையத்தை உயர்த்திப் பிடித்து எதிர்வாய்க்கு நேராக நீட்டவேண்டும். அது நுழையும் கணத்தில் கையை இழுத்துக்கொள்ளவேண்டும். மறுகணமே மற்றக் கையால் முளையைப் போடவேண்டும். கையை முந்தி எடுத்தால் வளையம் தாழ்ந்துவிடும். பிந்தி எடுத்தால் விரல்கள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும். முந்துவதற்கும் பிந்துவதற்கும் இடையில் உள்ள காலம் கண்ணிமைக்கும் பொழுதுதான்.

இது சமதரையில், பட்டப்பகலில், ஒரே வகையான இரண்டு பெட்டிகளைப் பூட்டும்போது நிகழ்வது. உண்மையில் நிலைமை இதனிலும் கடினம். பல கம்பெனிகளின் பெட்டிகள் ஒரே தொடரில் ஓடின. அவற்றின் இழுவைத் தண்டுகள் ஒரே உயரத்தில் இல்லை. உயரம் பொருந்தாவிடத்து வளைந்த வளையத்தைத் தேடி எடுத்து வரவேண்டும். சில பெட்டிகளின் முனையில் மோதலைத் தாங்கும் மரக்கட்டைகள் புடைத்து நின்றன. பொறி பிழைத்தால் மனிதனின் மார்பு அவற்றினிடையே அகப்படும். தண்டவாளங்கள் கூடிப் பிரியும் இடத்திலுள்ள இடுக்குகளிற் பாதணி சிக்கினால், வரும் பெட்டியைக் கண்டும் விலக முடியாது. இரவிலே கைவிளக்கையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பனிக்காலத்திலே உறைந்த விரல்களால், உறைந்த இரும்பைத் தூக்கவேண்டும். முளைகளும் வளையங்களும் அடிக்கடி தொலைந்துவிடும். அளவு பொருந்தாத முளையைக்கொண்டு சமாளித்தால் அது வழியில் முறிந்து தொடர் இரண்டாகும்.

நகரும் பெட்டிகளுக்கிடையே செல்லலாகாது, வளையத்தைத் தடியொன்றாலே நெம்பவேண்டும் என்றெல்லாம் பல கம்பெனிகள் விதி எழுதி வைத்திருந்தன. ஆனால் வேலையின் வேகமோ அவ்விதிகளைக் கடைப்பிடிக்க இடந்தரவில்லை. விதியைக் கைக்கொண்டவர் மந்தமானவர் என வேலை இழப்பார். விதியை மீறியவர் கை இழப்பார். கை இழந்தபின், விதியை மீறியது அவருடைய குற்றமே என விதிப்புத்தகம் சான்று கூறும்.

அக்காலத்துப் பிறேக்காளருள் விரல்கள் முழுமையாய் உள்ளவர் அரியர் என்பர். வேலை தேடி வந்தவரின் கைகளைப் பார்த்து, இரண்டொரு விரல் குறைந்திருப்பின், "இவர் அனுபவசாலி" எனக் கொள்ளும் வழக்கமும் இருந்ததாம். இதனை முதன்முறை படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்தேன். நம் கல்லூரியிலே தேர்ச்சிக்குத் தாளில் எழுதிய சான்றிதழ் தருவோம். அங்கோ சான்றிதழ் உடம்பிலேயே வெட்டப்பட்டது.

மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழுவின் கணக்கின்படி, 1893ஆம் ஆண்டிற் பெட்டிகளைக் கொளுவும்போதும் கழற்றும்போதும் இறந்த ஊழியர் 433 பேர். காயமுற்றோர் 11,277 பேர். இது போர்க்களத்துக் கணக்கன்று. ஒரு நாட்டின் ஒரு தொழிலில், அத்தொழிலின் ஒரு செய்கையில், ஓராண்டில் நேர்ந்த இழப்பு. கொளுவும் வேலை முடிந்த பிறகும் பிறேக்காளருக்கு ஓய்வில்லை. தொடர் ஓடும்போது சரக்குப் பெட்டிகளின் கூரைமேல் ஏறி, பெட்டிக்குப் பெட்டி தாவி, ஒவ்வொன்றின் கைச்சில்லையும் சுழற்றிப் பிறேக்கை இறுக்க வேண்டியவரும் அவரே. மழையும் பனியும் காற்றும் அக்கூரையில் வழுக்கலைப் பூசியிருக்கும்.

"இத்தகைய வேலையில் ஏன் சேர்ந்தனர்?" என்று கேட்பீர்கள். அக்கேள்வியைத்தான் அக்காலத்து நீதிமன்றங்களும் கேட்டன. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1842ஆம் ஆண்டு தீர்ந்த ஒரு வழக்கு சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. ஃபார்வெல் என்னும் எஞ்சின் சாரதி, உடன் ஊழியர் ஒருவரின் தவறினால் வலக்கையை இழந்தார். நட்டஈடு கேட்டார். கிடைக்கவில்லை. வேலையின் ஆபத்தைத் தெரிந்தே ஏற்கின்றார். அவ்வாபத்துக்கான விலை சம்பளத்திலேயே அடங்கியுள்ளது என்பது தலைமை நீதியரசர் லெமுவெல் ஷோ கொண்ட கருத்து. இக்கருத்து பின்வந்த அரை நூற்றாண்டு நிலைத்தது. தருக்கமாகப் பார்த்தால் இதில் ஓட்டை காண்பது எளிதன்று. ஆனால் பசியுள்ளவன் வேலையை ஏற்பதும், விரலை விற்க ஒப்புவதும் ஒன்றாகுமா? கூலிக் கணக்கில் விரலுக்கு இத்தனை சதம் என்று எவரும் எழுதி வைத்ததில்லையே!

இனி, இவ்வாபத்தை நீக்கும் கருவி இல்லாதிருந்தமையால் இத்தனை பேர் அழிந்தனர் எனின், மனம் ஓரளவு ஆறும். உண்மை அதுவன்று. கருவி இருந்தது.

வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஹமில்ரன் ஜானி என்பவர் உள்நாட்டுப் போரிலே தென்பகுதிப் படையிற் பணியாற்றியவர். போர் முடிந்தபின் அலெக்சாந்திரியா நகரில் துணிக்கடையொன்றில் எழுதுவினைஞராயிருந்தார். பொறியியல் கற்றவரல்லர். ஓய்வு கிடைத்தபோது பேனாக்கத்தியால் மரத்தைச் செதுக்கிக் கொளுவியின் மாதிரியொன்றை உருவாக்கினார். 1873 ஏப்ரல் 29ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் தத்துவத்தை மாணவத் தம்பிமார் இப்பொழுதே தம் கைகளாற் பரீட்சித்துப் பார்க்கலாம். இரண்டு கைகளின் விரல்களையும் உள்நோக்கி வளைத்து, ஒன்றையொன்று பற்றுமாறு கோத்துப் பின்பு இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்கப் பிடி இறுகுமேயன்றி நழுவாது. ஜானியின் கொளுவியில் ஒரு பக்கம் அசையாத தாடை. மறுபக்கம் கீலில் அசையும் இரும்பு மூட்டு. இரண்டு பெட்டிகள் முட்டும்போது திறந்திருக்கும் மூட்டு உட்புறமாகச் சுழன்று மற்றதைப் பற்றிக்கொள்ளும். உடனே பூட்டுக்கட்டையொன்று தானாக விழுந்து அதனை நிலைநிறுத்தும். கழற்ற வேண்டின், பெட்டியின் பக்கத்தில் நின்றபடி நெம்புகோலொன்றை உயர்த்தினாற் போதும். மனிதன் நடுவே செல்லவேண்டிய தேவையே இல்லை. எண்ணற்ற விரல்களைக் காப்பாற்றிய வடிவம் விரல்களின் வடிவமாகவே அமைந்தது வியப்பன்றோ?

பென்சில்வேனியா புகையிரதக் கம்பெனி விரைவிலேயே இதனைப் பிரயாணிகள் வண்டிகளில் ஏற்றது. சரக்குப் பெட்டிகளுக்கோ வளையமும் முளையுமே நீடித்தன. பணச் செலவு ஒரு காரணம். மற்றொரு காரணம் சற்று நுட்பமானது. ஒரு கம்பெனியின் சரக்குப் பெட்டி நாடெங்கும் பிற கம்பெனிகளின் பாதைகளிலும் அலையும். அயலவர் மாற்றாதபோது நான் மட்டும் புதிய கொளுவி பூட்டினால், என் பணம் வீண். பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தில் ஆபத்து முன்னையிலும் அதிகம். பழைய வளையத்தையும் ஏற்கும்படி புதிய மூட்டுகளிற் பிளவும் துளையும் இட்டனர். அங்கே மீண்டும் ஒருவர் கையை நீட்டவே வேண்டியிருந்தது. இதற்கிடையே காப்புரிமை பெற்ற கொளுவி வகைகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. சில மாநிலங்கள் தன்னியக்கக் கொளுவிகளைக் கட்டாயமாக்கியபோதும், ஒன்றோடொன்று பொருந்தாத பல வகைகளை ஒருங்கே அனுமதித்தன. மருந்துகள் பல, நோயோ தீரவில்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். இங்கே வடம் பிடித்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் இழுத்தனர். இறுதியில், 1880களின் பிற்பகுதியில், பெட்டி கட்டுவோர் சங்கம் பரிசோதனைகள் நடத்தி, ஜானியின் மூட்டு வடிவத்தையே பொதுநியமமாகத் தெரிந்தது. அம்மூட்டின் வெளிவரை மீதிருந்த தம் உரிமையை ஜானி விட்டுக்கொடுத்தார். அதனாற் பிறரும் அதே அளவிற் கொளுவிகளைச் செய்ய வழி பிறந்தது. புதியன கண்டவரைப் போற்றும் நாம், கண்டதை விட்டுக்கொடுத்தவரையும் போற்றுதல் தகும்.

ஆயினும் சங்கத்தின் நியமம் கட்டளையன்று. கட்டளை பிறக்கக் காரணமானவர் புகையிரதத்தோடு தொழில்முறைத் தொடர்பு எதுவுமற்ற ஒரு கமக்காரர். அவர் பெயர் லொறென்சோ கொஃபின், 1823இற் பிறந்தவர், முன்னர் ஆசிரியராயிருந்து, பின் ஐயோவா மாநிலத்தில் நிலம் வாங்கிக் குடியேறியவர். 1874ஆம் ஆண்டு பிரயாணமொன்றின் நடுவே, பெட்டி கொளுவிய பிறேக்காளர் ஒருவரின் கை நசுங்குவதைக் கண்டார். அந்தக் கையின் ஏனைய விரல்கள் முன்னொரு விபத்திலே போனவை. அன்று போனவை எஞ்சியிருந்த இரண்டு. இவ்வாறான காட்சியை அன்றைய பிரயாணிகள் பலர் கண்டிருப்பர், இரங்கியும் இருப்பர், அடுத்த நிலையத்தில் இறங்கியதும் மறந்திருப்பர். கொஃபின் மறக்கவில்லை. அது முதல் ஏறத்தாழ இருபதாண்டு காலம் அவருக்கு வேறு பேச்சில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார்; தேவாலயக் கூட்டங்களிலும் கம்பெனிக் கூட்டங்களிலும் எழுந்து நின்று பேசினார். கேட்டோர் பலர் அவரைத் தொல்லையாகக் கருதினர். 1883இல் ஐயோவாவின் புகையிரத ஆணையாளர் பதவி கிட்டியதும் தம் முயற்சியை இரட்டித்தார். மாநிலச் சட்டம் 1890இல் வந்தது. ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசனும், பயனுள்ள தொழில் செய்யும் ஒருவர் போர்வீரனுக்குரிய ஆபத்தைச் சுமப்பது நாகரிகத்துக்கே இழுக்கு என 1889இற் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் எடுத்துரைத்தார். அவரே 1893 மார்ச் 2ஆம் நாள் புகையிரதப் பாதுகாப்புச் சாதனச் சட்டத்திற் கையொப்பமிட்டார்.

அச்சட்டம் கேட்டது அதிகமன்று. மோதிய அளவில் தானாகப் பூட்டுவதும், மனிதன் நடுவே செல்லாமற் கழற்றக்கூடியதுமான கொளுவி வேண்டும். சாரதி தன் இடத்திலிருந்தே தொடரை நிறுத்தத்தக்க அளவுக்குப் பிறேக்குகள் வேண்டும். பற்றிக்கொள்ளக் கைபிடிகள் வேண்டும். இழுவைத் தண்டுகள் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். இவற்றோடு இன்னொரு பிரிவும் இருந்தது. என் கருத்திற் சட்டத்தின் உயிர் அதுவே. சட்டத்துக்கு மாறான பெட்டியினாற் காயமுற்ற ஊழியர், அக்குறையை அறிந்தும் வேலையில் நீடித்தார் என்பதனால், ஆபத்தைத் தாமே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படார் என்றது அப்பிரிவு. ஃபார்வெலின் கையோடு 1842இற் பிறந்த வாதம் இத்தொழிலைப் பொறுத்தவரை அங்கே வாயடைத்தது.

கம்பெனிகளுக்கு முதலில் 1898 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. பின் அது 1900 ஆகஸ்ட் 1ஆம் நாள் வரை நீட்டப்பட்டது. அவகாசம் முடிந்து நான்கே நாட்கள் கழிந்த ஆகஸ்ட் 5ஆம் நாள், யூட்டா மாநிலத்துப் புரொமன்ரறி என்னும் இடத்தில் ஒரு விபத்து நேர்ந்தது. கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதையின் இறுதி ஆணி 1869இல் அறையப்பட்டது அவ்விடத்திலேதான். அங்கே ஜோன்சன் என்னும் பிறேக்காளரிடம், எஞ்சினை உணவுவண்டி ஒன்றோடு கொளுவுமாறு சொல்லப்பட்டது. எஞ்சினில் இருந்தது ஜானியின் கொளுவி. உணவுவண்டியில் இருந்தது மில்லரின் கொக்கி. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தானாகப் பூட்டுவனவே. ஆனால் ஒன்றோடொன்று பூட்டா. ஆகவே ஜோன்சன் நடுவே சென்றார். அவருடைய கை நசுங்கி, மணிக்கட்டுக்கு மேலே வெட்டப்பட்டது.

கீழ் நீதிமன்றங்கள் கம்பெனியின் பக்கம் நின்றன. ஒவ்வொரு வண்டியிலும் தன்னியக்கக் கொளுவி இருக்கின்றதே. சட்டத்தின் சொல் நிறைவேறிற்றே என்பது வாதம். 1904 டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இதனைப் புரட்டிற்று. சட்டத்தின் நோக்கம் மனிதன் நடுவே செல்லாதிருத்தல். இரண்டு கொளுவிகளும் ஒன்றோடொன்று பூட்டாவிடின் அந்நோக்கம் எங்ஙனம் நிறைவேறும் எனக் கண்டது. சொல்லைக் காப்பாற்றிக் கையை இழப்பது சட்டமாகாது என்பதே தீர்ப்பின் சாரம். நம் மாணவருட் சட்டம் பயில விரும்புவோர் இவ்வழக்கைத் தேடிப் படிப்பாராக.

பயன் என்ன எனின், சட்டம் பிறந்து பத்தாண்டு கழிவதற்குள், ஊழியர் தொகை கூடியிருந்தபோதும், கொளுவும் வேலையில் இறப்போர் பாதிக்கும் குறைவாயினர். காயமுறுவோர் மூன்றிலொரு பங்கிற்கும் குறைந்தனர். பிறேக்காளர்கள் திடீரெனக் கெட்டிக்காரர் ஆகிவிடவில்லை. அவர்கள் முன்னும் கெட்டிக்காரரே. மாறியது இரும்பு.

பிற நாடுகள் வேறு வழிகளிற் சென்றன. பிரித்தானியாவிலே சரக்குப் பெட்டிகளை மூன்று கண்ணிச் சங்கிலியாற் பூட்டினர். நீண்ட மரக்கம்பின் நுனியிற் சுருள்கொக்கியைப் பொருத்தி, வெளியே நின்றவாறே சங்கிலியைத் தூக்கி மாட்டும் முறையை அங்குள்ளோர் கைக்கொண்டனர். மலிவான அக்கம்பு பல உயிர்களைக் காத்தது. கனமான திருகுக் கொளுவிக்கோ அது போதாது. மனிதன் உள்ளே குனிந்தே ஆகவேண்டும். என் தந்தையாரின் நிலையத்தில் நான் கண்டது இவ்வகையே. ஐரோப்பாக் கண்டத்தின் சரக்குப் பெட்டிகளிற் பெரும்பாலானவை இன்றும் திருகுக் கொளுவியாலேயே கையாற் பூட்டப்படுகின்றன. தன்னியக்கக் கொளுவிக்கு மாறவேண்டும் என அங்கே நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. யார் முதலில் மாறுவது, யார் செலவு செய்வது என்னும் அதே பழைய கேள்வி அங்கும் குறுக்கே நிற்கின்றது.

யப்பானியர் அக்கேள்வியை வெட்டித் தீர்த்த விதம் வியந்து போற்றத்தக்கது. ஹொக்கைடோ தீவு நீங்கலாக, அவர்களும் முதலிற் பிரித்தானிய முறைத் திருகுக் கொளுவியையே பயன்படுத்தினர். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் பழையதும் புதியதும் கலந்து ஆபத்து மிகும் என உணர்ந்து, பல்லாண்டு முன்னரே ஆயத்தம் செய்தனர். புதிய கொளுவிகளைப் பெட்டிகளின் அடியிலேயே தொங்கவிட்டு ஓட்டினர், தொழிலாளரைப் பழக்கினர். 1925 ஜூலை 17ஆம் நாள், ஹொன்சூ தீவிலே சரக்குப் போக்குவரத்தை நிறுத்தி, பல்லாயிரம் பெட்டிகளின் கொளுவிகளை அந்த ஒரே நாளில் மாற்றி முடித்தனர். "எல்லாரும் மாறும்வரை நான் மாறேன்" என்னும் பிடிவாதத்துக்கு மருந்து, எல்லாரும் ஒரே நாளில் மாறுவதே என்று அவர்கள் காட்டினர்.

இவ்வரலாற்றைப் படித்தபின் ஓர் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. ஒரு வேலையில் அடிக்கடி ஒரே வகையான காயம் நேருமாயின், நாம் உடனே சொல்லுவது, "கவனமாயிருக்க வேண்டும்" என்பதே. கவனம் நல்லது; ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். நாளொன்றுக்குப் பலமுறை, ஆண்டு முழுவதும், இரவிலும் பனியிலும் ஒரு கணமும் பிழையாத கவனத்தை மனித உடம்பிடம் கேட்கும் கருவி, கேட்கத் தகாததைக் கேட்கின்றது. அக்கருவியிற் பிழைத்திருப்பதே ஒரு திறமை என்றால், குறை கருவியில் உள்ளதேயன்றித் தொழிலாளியில் இல்லை. இந்த உண்மையை அக்காலத்துப் பிறேக்காளர் அனைவரும் அறிந்திருப்பர். ஆனால் விரல் அவர்களுடையது, பணப்பை வேறொருவருடையது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வராத வலியையும் தெரிந்துகொண்ட ஒரு கமக்காரர் நடுவே வந்து நிற்கும்வரை, கருவி ஒருபுறமும் காயம் ஒருபுறமுமாக இருபதாண்டு கழிந்தது.

நம் கல்லூரி பொறியியலாளரையும் வைத்தியரையும் நிருவாகிகளையும் சட்டத்தரணிகளையும் நாட்டுக்கும் உலகுக்கும் தந்துள்ளது, இனியும் தரும். அவருட் பெரும்பாலோர் மேசைக்குப் பின்னால் அமர்வர். தாம் கையொப்பமிடும் தாளின் மறுமுனையில் எவரோ ஒருவர் இரண்டு இரும்புகளுக்கு நடுவே குனிந்து நிற்பதை அவர்கள் நேரிற் காணார். நெற்குற்றும் ஆலையின் பட்டியாக இருக்கலாம். கட்டடத் தொழிலாளி ஏறும் சாரமாக இருக்கலாம். கிணறு வெட்டுவோர் வைக்கும் வெடியாக இருக்கலாம். அங்கே ஒருவர் காயமுற்றார் என்ற செய்தி வரும்போது, "அவர் ஏன் கவனமாயிருக்கவில்லை?" என்று கேட்பதற்கு முன், "அவர் கையை ஏன் அங்கே வைக்க நேர்ந்தது?" என்று கேட்கும் பழக்கம் நம் மாணவருக்கு வாய்க்குமாயின், இக்கல்லூரி கற்பித்த கல்வி வீண்போகவில்லை எனக் கொள்ளலாம். முதற் கேள்விக்கு விடை காண்பது எளிது; அதனால் எவருடைய விரலும் தப்பாது. இரண்டாம் கேள்விக்கு விடை காணப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும், சிலவேளை கொஃபினைப் போலத் தொல்லைக்காரன் என்னும் பெயரும் வேண்டும். அப்பெயரைச் சுமக்க அஞ்சாத மாணவரை நம் கல்லூரி அன்னை மேன்மேலும் ஈன்று நீடு வாழ்க!